தலைக்காயம்: ஆஸ்பத்திரிச் சீட்டில் விட்டுப்போனது தீர்ப்பாயத்தில் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர்–புதுச்சேரி சாலையில் நடக்கும் விபத்துகள் உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ‘தலையில் பலத்த காயமடைந்தவர் ஜிப்மரில் சேர்க்கப்பட்டார், போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் தலைக்காய நோயாளிகளின் மறுவாழ்விலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கை கால் முறிந்தவருக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். மூளையில் அடிபட்டவருக்குப் பல சமயம் அப்படி ஒரு படம்கூட மிஞ்சுவதில்லை. முதல் சில வாரங்களில் யார் எதை எழுதிவைத்தார்கள் என்பதை வைத்தே வழக்கு நிற்கிறது அல்லது விழுகிறது. அந்த எழுத்து எங்கெல்லாம் தவறுகிறது என்று சொல்வதால் கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

அவசரப் பிரிவில் முதலில் போடுவது, அடிபட்டவரின் நினைவு எந்த அளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் காட்டும் ஜி.சி.எஸ். எண். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15. அசைவே இல்லாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. இது உயிருக்கு ஆபத்து எவ்வளவு, உடனே என்ன செய்யவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கணக்கு. ஆறு மாதம் கழித்து அவர் கடையில் சில்லறை சரியாகக் கொடுப்பாரா, லாரி ஓட்டுவாரா என்பதை இது சொல்லாது. 14 போட்டு ‘லேசானது’ என்று எழுதி அனுப்பியவர் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போவதுண்டு. இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்த எண்ணைத்தான்.

அடிபட்டு எழுந்து உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்ல’ என்று டீயும் குடித்தவர் சில மணி நேரத்தில் மயங்குவதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் தேங்கினால் இப்படி நடக்கும். நடுவில் தெளிவாகப் பேசும் அந்த நேரம்தான் ஆளை ஏமாற்றுகிறது. அடிபட்ட முதல் ஒரு நாளாவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது: இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். குடித்திருந்தவர் என்றால் ‘போதையில் தூங்குகிறார்’ என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. போதையும் மூளைக்குள் ரத்தக்கசிவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு வேறு மாதிரி. குளியலறையில் வழுக்கியோ, பைக்கின் பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சரிந்தோ லேசாகப் பட்ட அடி மூன்று, நான்கு வாரம் கழித்து வெளிப்படும். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குவதால் மேலுறைக்குப் போகும் சிறு ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அறுந்து மெல்லக் கசியும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் எளிதில் நடக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பெயர் மறக்கும். வீட்டில் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுகிறார்கள். ஆனால் விபத்தன்று மருத்துவமனைக்கே போகாதவர் என்றால், அந்த விபத்தால்தான் இது வந்தது என்று பிறகு நிறுவுவது பெரும் பாடு. சின்ன அடியானாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டுப் போட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வகைதான் நீதிமன்றத்தில் அதிகம் தோற்பது. வேகமாக மோதி நிற்கும்போது தலை சுழன்று, மூளையின் நரம்பிழைகள் ஆங்காங்கே நைந்துபோகும். ரத்தக்கட்டி இருக்காது. சி.டி. ஸ்கேனில் ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று அறிக்கை வரும். ஆளோ நாள்கணக்கில் நினைவு தெளியாமல் கிடப்பார். எம்.ஆர்.ஐ.யில், அதிலும் நுண்ணிய ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படமுறையில், இந்தச் சேதம் பல சமயம் தெரியும். சி.டி. சரியாக இருந்தும் ஆள் சரியாக இல்லை என்றால், இந்தப் படம் தேவையா என்று டாக்டரிடம் குடும்பத்தாரே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, நெரிசலான வார்டில் கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

இனி ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டின் நகல் என்பது அரைப் பக்கம்தான் இருக்கும். எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்கள், எந்த இடத்தில், எந்த வாகனம் மோதியதாகச் சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும். கீழே மூன்று சிறு குறிப்புகள்: நினைவிழப்பு, வாந்தி, காது மூக்கு வழி ரத்தம். உண்டென்றால் கூட்டல் குறி, இல்லையென்றால் கழித்தல் குறி. 108-ல் ஏற்றிவிட்ட வழிப்போக்கருக்கோ, பாதியில் வந்து சேர்ந்த மைத்துனருக்கோ அடிபட்டவர் பத்து நிமிடம் நினைவில்லாமல் கிடந்தது தெரிந்திருக்காது. ‘மயக்கமெல்லாம் இல்லீங்க’ என்று சொல்லிவிடுவார். ஒரு கழித்தல் குறி விழுந்துவிடும். மூன்று வருடம் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில், ‘நினைவே தப்பவில்லை என்று உங்கள் ஆளே சொல்லியிருக்கிறாரே’ என்று அது திரும்பி வரும். அதனால் நேரில் பார்த்தவர் யாரோ அவரை டாக்டரிடம் பேசவிடுங்கள். தெரியாததைத் ‘தெரியாது’ என்றே சொல்லுங்கள். அன்றே தவறிப்போனால், வார்டில் விவரம் கேட்கும் டாக்டரிடம் ‘சம்பவ இடத்தில் இத்தனை நிமிடம் நினைவில்லை, இன்னார் பார்த்தார்’ என்று சொல்லிக் கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வரவேண்டும்.

அதே சீட்டில் ‘மது வாடை’ என்று ஒரு வரி விழுந்தால் அதற்கும் விலை உண்டு. வாடை என்பது ரத்தப் பரிசோதனை ஆகாது. ஆனாலும் விபத்தில் அவருக்கும் பங்கு இருப்பதாகச் சொல்லித் தொகையைக் குறைக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். குடித்திராதவர் என்றால் ரத்தம் எடுத்துச் சோதிக்கும்படி அப்போதே எழுத்தில் கேட்பது நல்லது. ஹெல்மெட் போடாததற்கும் தலைக்காய வழக்குகளில் ஒரு பகுதியைக் கழிக்கும் தீர்ப்புகள் உண்டு. போட்டிருந்தால், உடைந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துவைத்து, பொருளையும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் எல்லை. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி என்றால் தமிழ்நாடு. முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம் என்றால் புதுச்சேரி. விபத்து ஒரு மாநிலத்தில், சிகிச்சை இன்னொன்றில் என்பது இங்கே அன்றாடம். மருத்துவமனையிலிருந்து போகும் தகவல் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து எல்லை தாண்டி உரிய நிலையத்துக்கு வருவதற்குள் நாட்கள் ஓடும். மோதிய வண்டியின் எண்ணைப் பார்த்தவர் அதற்குள் ஊர் போய்விடுவார், கடைகளின் கேமராப் பதிவும் சில வாரங்களில் அழிந்துவிடும். நோயாளி ஐ.சி.யு.வில் இருந்தாலும் குடும்பத்தில் ஒருவர் விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்துக்கு நேரில் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். தாமதமாகப் பதிவானது என்பதாலேயே இழப்பீடு மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது; தாமதத்துக்கான காரணம் மட்டும் புகாரிலேயே இருக்கட்டும்.

எஃப்.ஐ.ஆரில் பிரிவையும் பாருங்கள். முதல் நாளில் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125(ஏ) என்று சாதாரணக் காயமாகப் போட்டுவிடுவார்கள். கொடுங்காயம் என்றால் 125(பி). உயிருக்கு ஆபத்து விளைவித்த காயமும், பதினைந்து நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போன காயமும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இருபது நாள். மருத்துவமனையின் காயச் சான்றிதழைக் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லலாம். பல குற்றப்பத்திரிகைகள் சாதாரணக் காயமாகவே முடிவது, யாரும் போய்க் கேட்காததால்தான்.

சிகிச்சைச் செலவு பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும். கன்னியகோயிலில் நடந்தால் இது பொருந்தாது. ஆனால் மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம் எல்லா மாநிலத்துக்கும் உண்டு: விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில். கவுன்டரில் பணம் கட்டுமுன் இரண்டு திட்டங்களைப் பற்றியும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான காயம் தெரியத் தொடங்கும். நெற்றிப் பக்க மூளை அடிபட்டவருக்குக் கை கால் நன்றாக இருக்கும், பேச்சும் வரும். ஆனால் சட்டென்று கோபம், கூச்சமில்லாத பேச்சு, எடுத்த வேலையை முடிக்காமை, காசுக் கணக்கு தப்புவது. தனக்கு எதுவும் குறையில்லை என்று அவரே உறுதியாகச் சொல்வார். அதுவும் காயத்தின் ஒரு பகுதி. சாட்சிக் கூண்டில் ஏறி, ‘நல்லாத்தான் இருக்கேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு இறங்கினால் கேஸ் அங்கேயே பாதி போய்விடும். ஆகவே மனைவியோ தாயோ சகோதரரோ தனிச் சாட்சியாக வர வேண்டும். அவர்கள் கையில் நாட்குறிப்பு ஒன்று இருக்க வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு போதும். ‘குணமே மாறிடுச்சு’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. தேதி போட்டு, நடந்தது எதுவோ அதை எழுத வேண்டும்: ‘அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து வெளியே போனார்.’ ‘முதுநகர் மார்க்கெட்டில் 300 ரூபாய் மீனுக்கு 500 கொடுத்துவிட்டு மீதி வாங்கவில்லை.’ ‘பிள்ளையைப் பள்ளியில் விடப் போய் வழி தெரியாமல் போன் செய்தார்.’ வலிப்பு வந்தால் நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கம் இழுத்தது. முடிந்தால் செல்போனில் வீடியோ. ஒவ்வொரு முறை புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போதும் இந்த நோட்டைக் காட்டி, முக்கியமானதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டரின் எழுத்தில் வராத தலைவலி தீர்ப்பாயத்தைப் பொறுத்தவரை வராத தலைவலியே. மாத்திரை நிற்கக்கூடாது, இடையில் வருகை விட்டுப்போகக் கூடாது. ஏழெட்டு மாதம் எந்தச் சீட்டும் இல்லையென்றால் ‘குணமாகிவிட்டார்’ என்றுதான் வாதிடுவார்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் மறதியோ குணமாற்றமோ தொடர்ந்தால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் நரம்பு உளவியல் சோதனை எடுக்க வேண்டும். நினைவு, கவனம், திட்டமிடல், வேகம் என்று தனித்தனியாக மதிப்பெண் வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் இந்தியர்களுக்கென்று உருவாக்கிய சோதனைத் தொகுதி ஒன்று இருக்கிறது. சோதனை தமிழில் நடந்ததா, அவருடைய படிப்பைக் கணக்கில் எடுத்தார்களா என்பது அறிக்கையில் தெளிவாக இருக்கட்டும். எட்டாவது படித்தவரிடம் இங்கிலீஷ் கேள்வித்தாளை நீட்டி எடுத்த மதிப்பெண் குறுக்கு விசாரணையில் நிற்காது. ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்தால் எவ்வளவு தேறியது, எது தங்கிவிட்டது என்பது தெரியும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஊனம் எவ்வளவு நிலைக்கும் என்று தெரிய ஒரு வருடமாவது ஆகும். சட்டமோ ஆறு மாதத்துக்குள் மனுப்போடு என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 166(3), 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மா உட்காருவது புத்திசாலித்தனமல்ல. மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஊனத்துக்கான ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம், கேட்ட தொகையையும் திருத்தலாம். எம்.சி.ஓ.பி. எண் (தீர்ப்பாயத்தில் மனுவுக்குக் கிடைக்கும் வழக்கு எண்) கையில் வந்துவிட்டால் பாதி நிம்மதி.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் போடலாம், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊரிலும் போடலாம். கிருமாம்பாக்கத்தில் அடிபட்ட பண்ருட்டிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா புதுச்சேரி நீதிமன்ற வளாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே நடத்தலாம்.

போலீசுக்கும் இதில் கடமை உண்டு, பலருக்கு அது தெரியாது. 2022-ல் வந்த விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த விரிவான அறிக்கையைத்தான் டி.ஏ.ஆர். என்கிறார்கள். நகல் பாதிக்கப்பட்டவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தர வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் வழிசெய்கிறது. கேட்டுப் போனால் வேலை நடக்கும். போகாவிட்டால் பெரும்பாலும் கிடப்பில்தான். டி.ஏ.ஆர். கிடைத்தபின் கம்பெனி ஒரு தொகை சொல்லும். ஒத்துக்கொண்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலும் அப்படியே, அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கை எலும்பு முறிவுக்கு லோக் அதாலத் நல்ல வழி. தலைக்காயத்தில் ஒரு வருட மறுபரிசோதனைக்கு முன் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் நஷ்டம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வலிப்பு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் தலைகாட்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தீர்ப்பாயம் அல்ல, வருவாய்த்துறை. வருவாய்க் கோட்ட அளவில் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பித்தால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம். தானாக வழுக்கி விழுந்தவருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் ஒன்றும் வராது. சொந்த வண்டிக்கு எடுத்த 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, அதில் எந்த வகை ஊனத்துக்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பின்சீட்டில் இருந்தவர் ஓட்டியவரின் தவறால் விழுந்திருந்தால், அந்த வண்டிக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தது என்றால் கம்பெனி தராது. முழுக் காப்பீடு இருக்க வேண்டும். பாலிசி நகலை முதல் வாரத்திலேயே வாங்கிப் பார்ப்பது இதற்காக.

இழப்பீட்டுக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறோம். 32 வயதுக் கொத்தனார், மாதம் 18,000 சம்பாதித்தார் என்று ஆதாரம் இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைக்கும் நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் (பிரணய் சேத்தி வழக்கு, 2017; காயமடைந்தோர் வழக்குக்கும் இது பொருந்தும் என்று பிறகு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது). 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண், அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16 (சர்லா வர்மா வழக்கு, 2009). 48,38,400. சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் போனது என்று நிரூபித்தால் 29,03,040 ரூபாய். அதே ஆளுக்கு வருமான ஆதாரம் இல்லாமல் தீர்ப்பாயம் 12,000 என்று வைத்து, எதிர்கால உயர்வைக் கேட்க மறந்து, மெடிக்கல் போர்டு சொன்ன 20 சதவீதத்தை அப்படியே போட்டால் 4,60,800. ஒரே விபத்து, ஒரே காயம்.

அந்த 20-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பதுதான் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்குத் தீர்ப்பு (2010). மருத்துவச் சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று அது பிரித்துச் சொன்னது. வலிப்பு உள்ளவர் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க முடியாது. லாரி டிரைவருக்கு மருத்துவர் 20 சதவீதம் என்று எழுதினாலும், அந்தத் தொழிலில் போனது முழுவதும். மோப்பம் போய்விட்ட சமையல்காரருக்கும் அப்படித்தான்: எண்ணெய் காறியதும் கேஸ் கசிவதும் தெரியாதவரை எந்த ஓட்டலில் அடுப்படியில் நிறுத்துவார்கள்? இதை வெறும் சான்றிதழ் நிரூபிக்காது. பரிசோதித்த டாக்டரே சாட்சியாக வந்து, இந்தக் குறையால் இந்த வேலையில் என்னென்ன செய்ய முடியாது என்று சொல்ல வேண்டும். மேஸ்திரியோ படகு உரிமையாளரோ வந்து, முன்பு என்ன செய்தார், இப்போது என்ன முடியவில்லை என்று சொல்ல வேண்டும். வருமானத்துக்குக் கட்டுமான நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், ஜிபே வரவு, சங்கப் பதிவேடு எல்லாம் உதவும். ‘சம்பளச் சீட்டு இல்லை’ என்று யாரும் கைவிட்டுவிட வேண்டியதில்லை.

பார்த்துக்கொள்பவரின் உழைப்புக்கும் பணம் உண்டு. மூளைக்காயத்தால் முழுக்கப் பிறரைச் சார்ந்துவிட்ட 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், உதவியாளர் செலவை ஒட்டுமொத்தமாக ஒரு தொகை என்று போடாமல், மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்துப் பெருக்கெண்ணால் பெருக்கியது. இரண்டு உதவியாளருக்கு மாதம் 10,000 என்று, பெருக்கெண் 18-ல் 21,60,000 ரூபாய். மனைவியே பார்த்துக்கொள்கிறார் என்பதால் செலவு இல்லை என்றாகாது. மனுவில் ‘உதவியாளர் செலவு’ என்ற தலைப்பு இருக்கிறதா, எதிர்கால மருத்துவச் செலவு இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். கேட்காத தலைப்பில் தொகை வருவது அரிது.

வக்கீல் பற்றி. ஐ.சி.யு. வாசலிலும் பிணவறை வாசலிலும் விசிட்டிங் கார்டு நீட்டும் புரோக்கர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேடிவந்து கேஸ் பிடிப்பதும், வரும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போடுவதும் பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். வெற்று வக்காலத்து, வெற்றுப் பத்திரம், நிரப்பாத காசோலை எதிலும் கையெழுத்து வேண்டாம். அசல் ஆவணங்களைக் கொடுத்தால் பட்டியல் எழுதி ரசீது வாங்குங்கள். ஸ்கேன் படங்களோடு அவை பதிவான டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். வக்கீலிடம் கேட்க வேண்டியவை சில: தலைக்காய வழக்கில் டாக்டரைச் சாட்சியாக விசாரித்திருக்கிறாரா, உளவியல் அறிக்கையைச் சான்றாவணமாகக் குறியீடு செய்திருக்கிறாரா, மேல்முறையீடு என்றால் யார் நடத்துவார்கள். பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தரம் குறைவு என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: புரோக்கர் கொண்டுவரும் வக்கீலின் தரத்தை யார் சோதித்தார்கள்?

அடிபட்டவர் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலையில் இல்லையென்றால், அவர் சார்பில் வழக்கு நடத்த மனைவியையோ பெற்றோரையோ தீர்ப்பாயம் அனுமதிக்கும். அதற்குத் தனி மனுவும் டாக்டர் சான்றும் வேண்டும். ஆனால் அந்த அனுமதி வழக்குக்கு மட்டும். அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, நிலம், வீட்டுக் கடன் எதையும் அதை வைத்துத் தொட முடியாது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க மனைவியைக் காப்பாளராக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்திருக்கிறது. அப்படி ரிட் மனு போட வேண்டியிருக்கும், அதற்கும் காலம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தீர்ப்பு வந்தபின் கம்பெனி 30 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தொகை போதாதென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. புதுச்சேரிக்கும் அது சென்னைதான். பணத்தை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பாஸ்புக் முதல் பக்கமும் ஆதாரும் மனுவோடே தாக்கலாகட்டும். கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரிலோ நீதிமன்றம் அனுமதித்த காப்பாளர் பெயரிலோ மட்டும் இருக்க வேண்டும். கணக்கு தெரியாமல் செலவழிக்கும் நிலையிலுள்ளவர் என்றால், பெரும்பகுதியை நிரந்தர வைப்பில் போட்டு மாத வட்டியைப் பார்த்துக்கொள்பவர் எடுக்க அனுமதிக்கும்படி தீர்ப்புக்கு முன்பே கேளுங்கள். இடையில் அறுவைச் சிகிச்சை வந்தால் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சீட்டுடன் மனுப்போட்டு வைப்பை உடைக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கும்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் தலைக்காய மறுவாழ்விலும் பணியாற்றுவோர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.